மாப்பிள்ளையின் பத்து யோசனைகளும் ஆடிட்டர் வீட்டு ஐஸ் பெட்டியும்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதும் கடிதம். இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்பளவில் சௌக்கியம். மற்ற அளவில் எப்படி இருக்கிறோம் என்பதைக் கடிதத்தைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். அங்கே நீங்களும் மகளும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் நாலு பேருக்கு நல்ல யோசனை சொல்லும் உங்கள் உத்தியோகம் மேலும் சிறக்கட்டும். அந்த நாலு பேரில் நான் இனிமேல் ஒருவனாக இருக்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லாமல் தாளில் எழுதுகிறேனே என்று நினைக்காதீர்கள். போனைத் தொடவே எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. இதில் ஒன்றை எழுதித் தட்டினால் அது யாருக்கு, என்ன ரூபத்தில் போய்ச் சேரும் என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை. தாள் அப்படி இல்லை. உறையில் எழுதிய விலாசத்துக்குத்தான் போகும்.

நீங்கள் போன தடவை வந்திருந்தபோது, நம் வாடகைச் சாமான் கடையில் அரை நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் தலைக்குள்ளயே வச்சிருக்கீங்களே மாமா, உங்களுக்கு ஒரு தலைவலி வந்தா கடைக்கே லீவு விடணுமே" என்றீர்கள். நியாயமான பேச்சு. அன்றைக்கே ஆன்லைனில் ஒரு டேட்டாபேஸ் போட்டு, நாற்காலி, மேஜை, ஏணி, ஃபேன், மைக்செட் எல்லாவற்றையும் அதில் ஏற்றிக் கொடுத்தீர்கள். அதோடு விட்டிருந்தால் நானும் உங்கள் அத்தையும் உங்களைக் கும்பிட்டுக்கொண்டே இருந்திருப்போம். ஊருக்குப் போன கையோடு, 'டேட்டாபேஸிலிருந்து இன்னும் அதிகப் பயன் பெறப் பத்து யோசனைகள்' என்று அனுப்பினீர்களே, அங்கேதான் பிடித்தது சனி.

மாப்பிள்ளை சொல்லி மாமனார் கேட்கவில்லை என்ற பேர் வரக் கூடாது என்று முதல் யோசனையிலிருந்தே ஆரம்பித்தேன். 'எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள்; முக்கியமான கட்டங்களைக் கட்டாயமாக்கிவிடுங்கள்' என்று எழுதியிருந்தீர்கள். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று எனக்குத் தெரியாததால் எல்லாவற்றையும் கட்டாயமாக்கிவிட்டேன். ஏணி வாங்க வந்த மாவு மில்காரர், பிறந்த தேதி தெரியாமல் கவுண்டர் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அந்தக் கட்டம் நிரம்பாமல் ஏணியைக் கொடுக்க மாட்டேன் என்கிறது மெஷின். உங்கள் அத்தை பார்த்தாள், தனக்கு ஞாபகத்தில் உள்ள ஒரே தேதியான தன் பிறந்த தேதியை அவருக்குப் போட்டு அனுப்பிவிட்டாள். சுலபமாக இருக்கிறதே என்று அதற்கப்புறம் தேதி தெரியாதவர், சொல்ல விரும்பாதவர், வயசைக் கேட்டால் கோபப்படுகிறவர் எல்லாருக்கும் அதே தேதிதான். உங்களுடைய இன்னொரு யோசனைப்படி பிறந்த நாள் வாழ்த்து தானாகப் போகும்படி வைத்திருந்தேன். அந்த நாள் வந்தது. விடிந்ததும் பாதி ஊருக்கு வாழ்த்துப் போனது. மாவு மில்காரர் கண் கலங்க வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மாவே மறந்துபோன நாள நீங்க எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். உங்கள் அத்தை வாடிக்கையாளர் இல்லை என்பதால் அவள் பேர் டேட்டாபேஸில் கிடையாது. அவளுக்கு மட்டும் வாழ்த்துப் போகவில்லை. நானும் மறந்துவிட்டேன். அன்றைக்குக் கடைக்கு வந்த ஒவ்வொருவரும் சிரித்த முகமாக வந்து போக, அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்கள் மகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும். அவளிடம் முழு விவரமும் இருக்கிறது.

அடுத்தது ஃபில்டர். 'உங்களுக்கு வேண்டியதை மட்டும் வடிகட்டிப் பாருங்கள், கண்ணுக்கு இதமாக இருக்கும்' என்று எழுதியிருந்தீர்கள். நம் மைக்செட்காரர் ஒருநாள் பழுதான சாமான் எதெது என்று பார்த்துவிட்டு ஃபில்டரை எடுக்காமல் போய்விட்டார். மறுநாள் காலையில் திரையைத் திறந்தால் நாற்காலி என்ற இடத்தில் கால் உடைந்தது இரண்டே இரண்டு. அந்த நேரம் பார்த்து ஒரு வாத்தியார் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு நாற்காலி கேட்டு வந்தார். "நாற்காலியே இல்ல சார், எல்லாம் போயிருச்சு" என்றேன். அவர் என் பின்னால் கூரை முட்ட அடுக்கியிருந்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அப்ப நீங்க உக்காந்திருக்கிறது என்னங்க?" என்றார். அவரை அனுப்பிவிட்டு மைக்செட்காரரைக் கூப்பிட்டு, "நேத்துக் கடைசியாப் பூட்டினது நீதானே?" என்று கொஞ்சம் அழுத்தமாகவே கேட்டுவிட்டேன். அவர் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டி, "பாத்துக்கங்கண்ணே, இதுக்குள்ளதான் நாற்காலிய ஒளிச்சு வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அவரைச் சமாதானம் செய்து திரும்பக் கூட்டி வருவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

'யார் யார் மாற்றலாம், யார் யார் பார்க்க மட்டும் செய்யலாம் என்று உரிமைகளைப் பிரித்துக் கொடுங்கள்' என்பது ஒரு யோசனை. பிரித்தேன். எங்கே எதைத் தட்டினேனோ, உங்கள் அத்தை நிர்வாகி ஆகிவிட்டாள், நான் பார்வையாளர் ஆகிவிட்டேன். வீட்டில் கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அந்த உரிமைதான். கடையிலாவது கொஞ்சம் அதிகாரம் இருந்தது. இப்போது ஒரு மேஜையின் நிறத்தைத் திருத்த வேண்டுமென்றாலும் சமையலறை வாசலில் போய் நின்று, "கொஞ்சம் மாத்திக் குடேன்" என்று கேட்க வேண்டியிருக்கிறது. "எதுக்கு மாத்தணும்? காரணத்தச் சொல்லுங்க" என்கிறாள். ஏதோ, அவளும் சந்தோஷமாக இருக்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

இதையெல்லாம் நான் பெரிதுபடுத்தியிருக்க மாட்டேன் மாப்பிள்ளை. சின்னச் சின்னக் குழப்பம் எந்தக் குடும்பத்தில் இல்லை? ஆனால் போன வாரம் நடந்ததுதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது. 'ஒரே பொருள் இரண்டு இடத்தில் பதிவாகியிருந்தால் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்குங்கள். டூப்ளிகேட்தான் டேட்டாபேஸுக்கு முதல் எதிரி' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தீர்கள். எதிரி என்று தெரிந்தபிறகு சும்மா இருக்க முடியுமா? உங்கள் அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடினோம். 'ஐஸ் பெட்டி' என்று இரண்டு இடத்தில் இருந்தது. சேர்த்துவிட்டோம்.

நம் கடையில் ஐஸ் பெட்டி இரண்டு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஒன்று, விருந்துகளில் கூல்டிரிங்ஸ் பாட்டிலைப் போட்டு வைக்கிற சிவப்புப் பெட்டி. இன்னொன்று, இறந்தவர்களை வைக்கிற கண்ணாடி மூடிப் பெட்டி. அது சமீபத்தில் வாங்கியது, இன்னும் ஒருத்தரும் படுக்காத புதுப் பெட்டி. முன்பெல்லாம் யார் ஐஸ் பெட்டி கேட்டாலும் வண்டி ஓட்டுகிற ராக்கெட் என்னைப் பார்த்து, "எந்தப் பெட்டிண்ணே? குடிக்கிறதுக்கா, படுக்கிறதுக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்பான். நான் ஒரு வார்த்தை சொல்வேன். வேலை முடிந்தது. டேட்டாபேஸ் வந்தபிறகு, "எல்லாம் போன்லயே இருக்கு, எங்கிட்ட எதுவும் கேக்காத" என்று அவனிடம் கறாராகச் சொல்லியிருந்தேன். அதுவும் உங்கள் யோசனைதான்.

இரண்டும் ஒன்றானதில் சிவப்புப் பெட்டியின் போட்டோ போய்விட்டது, கண்ணாடிப் பெட்டியின் போட்டோ நின்றுவிட்டது. அதோடு கண்ணாடிப் பெட்டி கடையை விட்டுக் கிளம்பினால் தானாகப் போகட்டும் என்று உங்கள் அத்தை மிகவும் உருகி எழுதி வைத்திருந்த அனுதாபச் செய்தியும் நின்றுவிட்டது.

இந்த நிலையில்தான் ஆடிட்டர் வீட்டு விசேஷம் வந்தது. ஆடிட்டர் என்றால் பூங்காவை அடுத்த தெருவில், வாசலில் நீலக் கதவு போட்ட வீட்டுக்காரர். ரிட்டயராகிவிட்டார், ஆனாலும் யார் பேசினாலும் அதில் தப்புக் கண்டுபிடித்துத் திருத்துகிற பழக்கம் மட்டும் இன்னும் ரிட்டயராகவில்லை. அந்தப் பழக்கத்தால்தான் அவர் வீட்டில் பேச்சே நின்றுபோனது. ஒருநாள் விருந்தாளிகள் முன்னால் ஆடிட்டரம்மா, தாங்கள் இருவரும் முதல்முதலில் பார்த்துக்கொண்ட கதையை ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். பஸ்ஸில், மழையில், ஒரே குடையில் என்று கதை நல்ல இடத்துக்கு வந்தபோது இவர் குறுக்கே புகுந்து, "அன்னிக்கு மழை பெய்யல, தூறல்தான்" என்றாராம். அந்த அம்மா எழுந்து, "இனிமே எல்லாத்தையும் நீங்களே சரியாச் சொல்லிக்குங்க" என்று உள்ளே போனவர்தான். அதற்கப்புறம் ஒரு வார்த்தை கிடையாது. சாப்பாடு தயார் என்றால் தட்டை நங்கென்று வைப்பார். இவருக்குக் காபி வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டுவார். ஒரே வீட்டுக்குள் வருஷக் கணக்கில் பாத்திரச் சத்தத்திலேயே குடும்பம் நடந்தது. வெளியூரில் இருக்கும் அவர்கள் மகள், கல்யாண நாளைப் பெரிதாகக் கொண்டாடினாலாவது இரண்டு பேரும் பேசுகிறார்களா பார்ப்போம் என்று விருந்துக்கு ஏற்பாடு செய்து, அப்பாவின் போன் நம்பரைக் கொடுத்து நம்மிடம் நாற்காலி, மேஜை, ஐஸ் பெட்டி சொல்லியிருந்தாள்.

அன்று காலை நாற்காலியும் மேஜையும் முதல் நடையிலேயே போய்விட்டன. இரண்டாவது நடைக்கு ராக்கெட் போனைப் பார்த்தான், போட்டோவைப் பார்த்தான், கண்ணாடிப் பெட்டியை வண்டியில் ஏற்றினான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனைக் குறை சொல்ல முடியாது. 'அனுப்பப்பட்டது' என்று தட்டிவிட்டுக் கிளம்பினான். அவனை ராக்கெட் என்று நாங்கள் கூப்பிடுவதே, சைக்கிள்காரர்கள் அவனை முந்திப் போவதால்தான். அன்றைக்கென்று பார்த்துச் சாலை காலியாக இருந்திருக்கிறது.

ஆடிட்டர் அப்போது சலூன் நாற்காலியில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு சாய்ந்திருந்தார். ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்தில் கத்தி வைக்கும் நேரம், போன் கிணுகிணுத்தது. எடுத்துப் படித்தார். 'தங்கள் இல்லத்தில் நேர்ந்த ஈடு செய்ய முடியாத இழப்பை அறிந்து ஆழ்ந்த அனுதாபங்களைத் தெரிவித்து கொள்கிறோம். பெட்டி வந்துகொண்டிருக்கிறது. வாசல் கதவை நன்றாகத் திறந்து வைக்கவும்.'

இல்லத்தில் அவரைத் தவிர இருப்பது ஒரே ஒருவர். உடனே வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அவர் நம்பர் தெரிந்தால் அந்த அம்மா எடுப்பதே இல்லை என்பது அந்தப் பதற்றத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை. கழுத்தில் கட்டிய துணியோடு, பாதி முகம் நுரையோடு, தெருவில் இறங்கி ஓட ஆரம்பித்துவிட்டார். சலூன்காரர் எனக்குப் போன் செய்து, "அண்ணே, ஆடிட்டர் வீட்ல யாருண்ணே?" என்றார். "யாருக்கு என்ன? எல்லாரும் நல்லா இருக்காங்க, இன்னிக்கு விசேஷம்ல" என்றேன். "அப்படின்னா மனுசன் எதுக்குண்ணே பாதி ஷேவிங்கோட அழுதுக்கிட்டே ஓடறாரு?" என்றார்.

அப்போதுதான் திரையைப் பார்த்தேன். ஆடிட்டர் பேருக்கு நேராகக் கண்ணாடிப் பெட்டி பளபளவென்று நின்றது. ராக்கெட்டுக்குப் போன் போட்டேன், வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டான், நல்ல பழக்கம். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தேன். போகிற வழியெல்லாம் என்னவெல்லாம் நினைத்தேன் தெரியுமா? அவருக்கோ இருதயத்துக்கு மாத்திரை போடுகிற உடம்பு. ஓடுகிற ஓட்டத்தில் ஏதாவது ஆகிவிட்டால், பெட்டி சரியான விலாசத்துக்குத்தான் வந்தது என்று ஆகிவிடுமே என்று நினைத்தேன். மாப்பிள்ளை, சத்தியமாகச் சொல்கிறேன், அந்தத் தெருமுனை திரும்பும்வரை எனக்கு மூச்சே இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது தெருவே கூடியிருந்தது. ஆடிட்டர் ஓடுவதைப் பார்த்துப் பின்னால் ஓடிவந்தவர்கள் பாதி, பெட்டியைப் பார்த்து வந்தவர்கள் பாதி. ராக்கெட் பெட்டியை இறக்கி நீலக் கதவு முன்னால் வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மரியாதையாக நின்றான். எதிர்வீட்டுக்காரர், வந்தவர் யாரென்று பார்க்காமல் ஆடிட்டரின் கையையே பிடித்து, "நேத்துக்கூடப் பார்த்தேங்க, நல்லாத்தான் இருந்தாரு" என்றார். ஆடிட்டர் அவரை உதறிவிட்டு உள்ளே ஓடி, ஒவ்வொரு அறையாகப் போய், "இந்தாம்மா! எங்க இருக்க? இந்தாம்மா!" என்று கூப்பிட்ட குரல் வாசலுக்குக் கேட்டது. அத்தனை வருஷத்துக்கு அப்புறம் அந்த வீட்டில் கேட்ட மனுஷக் குரல் அதுதான்.

அந்த அம்மா சாமான் அறையில் ஸ்டூல் மேல் ஏறி நின்று, விருந்துக்கு நல்ல தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்திருக்கிறார். சத்தம் கேட்டுத் தட்டு அடுக்கோடு வெளியே வந்தார். வாசலில் கண்ணாடிப் பெட்டி, கூட்டம், நடுவில் பாதி முகம் நுரையோடு புருஷன். "யாருக்குங்க?" என்றார்.

ஆடிட்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். "உனக்குன்னு நெனச்சுட்டேன்டி" என்றார்.

"எனக்கா? நான் போறதா இருந்தா உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போயிருவேனா?"

"நீதான் எங்கிட்டப் பேசறதே இல்லையே. எப்படிச் சொல்லுவ?"

அந்த அம்மா தட்டுகளைக் கீழே வைத்தார். இந்தத் தடவை நங்கென்று வைக்கவில்லை. புருஷன் கழுத்தில் தொங்கிய சலூன் துணியாலேயே முகத்து நுரையைத் துடைத்துவிட்டார். எனக்கும் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது.

பிறகுதான் ஆடிட்டர் என்னைக் கவனித்தார். போனை நீட்டி, "இத எழுதினது யாரு?" என்றார். இன்றைக்குக் கடையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு, "என் சம்சாரம்தான் சார்" என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு மறுபடி ஒருமுறை படித்துவிட்டு, "'தெரிவித்து கொள்கிறோம்' இல்ல, 'தெரிவித்துக்கொள்கிறோம்'. நடுவுல ஒரு 'க்' வரணும்" என்றார். ஆடிட்டரம்மா, "ஆரம்பிச்சுட்டாரு" என்றார். சொல்லும்போது சிரித்தார்.

பெட்டியைத் திருப்பி எடுத்துப் போகிறேன் என்று நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். ராக்கெட், "புதுப் பெட்டிதாங்க, நல்லா சில்லுனு ஆகும்" என்று நடுவில் ஒரு வார்த்தை விட்டான். நான் அவனைப் பார்வையாலேயே எரித்தேன். அந்த அம்மாவோ, "இருக்கட்டும், அதுலயே வச்சுருங்க. இவர ஓட வச்ச பெட்டி, கொஞ்ச நேரம் வீட்ல இருந்துட்டுத்தான் போகட்டுமே" என்றுவிட்டார். விருந்துக்கு வந்தவர்கள், கண்ணாடி மூடிக்குள் வரிசையாகப் படுத்திருந்த கூல்டிரிங்ஸ் பாட்டில்களைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டார்கள். கல்யாண நாள்காரர்கள் இரண்டு பேர் மட்டும் ஆளுக்கு ஒன்று எடுத்துக் குடித்தார்கள். அவர்கள் மகள் வந்து இறங்கியதும் வாசலில் பெட்டியைப் பார்த்துப் போட்ட கூச்சலைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம்.

நல்லபடியாக முடிந்தது, அதனால் உங்களுக்கு எழுத முடிகிறது. வேறு மாதிரி முடிந்திருந்தால் இந்நேரம் மாமா எங்கே இருப்பேனோ. ஆகவே மாப்பிள்ளை, கோபித்துக்கொள்ளாமல், அடுத்த லீவுக்கு வரும்போது இந்த டேட்டாபேஸை வேரோடு பிடுங்கி எடுத்துப் போய்விடுங்கள். பத்து யோசனைகளையும் உங்களிடமே திருப்பித் தந்துவிடுகிறேன். இன்னும் சில பிரிக்காமலே புதுசாக இருக்கின்றன. எல்லாம் பழையபடி என் தலைக்குள்ளேயே இருக்கட்டும். தலைவலி வந்தால் மாத்திரை போட்டுக்கொள்கிறேன்.

நீங்களும் மகளும் எந்தக் கட்டமும் காலியில்லாமல், எந்த வரிசையும் அழியாமல், ஒருவர் சொன்னதை மற்றவர் திருத்தாமல் நெடுங்காலம் சேர்ந்திருக்க மாமாவின் ஆசீர்வாதம். உங்கள் அத்தையும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். உங்கள் அப்பா அம்மாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் மாமா,
கடை உரிமையாளர் மற்றும் பார்வையாளர்.

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். டேட்டாபேஸில் தயவுசெய்து கை வைத்துவிடாதீர்கள். உறையை ஒட்டப் போகும்போது பூட்டுக்கடைக்காரர் வந்து, கடைக்குள் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "ஆடிட்டருக்கு அனுப்பினீங்களே, அதே மாதிரி ஒண்ணு எனக்கும் அனுப்ப முடியுமா? வீட்ல பேசி ரொம்ப நாளாச்சு" என்று கேட்டார். அவர் போனதும் தையல்கார அம்மா வந்து புருஷன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டிக்கு வரிசையாக நாள் குறித்தாகிவிட்டது; உங்கள் அத்தை ஆளுக்குத் தகுந்த மாதிரி புதுசு புதுசாக எழுதிக்கொண்டிருக்கிறாள், 'க்' எல்லாம் சரியாகப் போட்டு. எனவே இன்னும் யோசனைகள் இருந்தால் உடனே அனுப்பவும். ஒரே ஒரு சந்தேகம் மட்டும். இப்போதுதான் ஆடிட்டரம்மா போன் செய்தார்கள். அன்றைக்குப் பேச ஆரம்பித்த ஆடிட்டர் தூங்கும் நேரம் தவிர நிறுத்தவே இல்லையாம். "பேச வைக்க ஒரு மெசேஜ் இருக்குன்னா, நிறுத்தறதுக்கும் ஒண்ணு இருக்கும்ல?" என்று கேட்கிறார்கள். இருக்கிறதா மாப்பிள்ளை?